அப்பாவின் காலை எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள்? - 'கிரேஸ் அனாட்டமி' கார்ட்டரும் மதுரை பெயர் கொண்ட நோயும்!

கும்பகோணத்தில் பஸ் ஏறினால் சுவாமிமலைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு 60 படி ஏறணும். தமிழ் வருஷம் 60 இருக்கே, படிக்கு ஒரு வருஷத்தோட பேர். சாமி கும்பிட்டு இறங்கினதும் நாம மறுபடியும் செருப்பைத் தேடி மாட்டிக்கிட்டு கிளம்பிடுவோம்.

ஆனா, அந்த ஊரைச் சுத்தி இருக்கிற வயல்ல வேலை பார்க்கிறவங்களுக்கு நாள் முழுக்க வெறுங்கால்தான். நாற்று பறிக்கிறது, நடவு, களை எடுக்கிறது, வரப்பு வெட்டுறது எல்லாமே சேத்துல நின்னுதான். வெற்றிலைக் கொடிக்காலுக்குள்ள செருப்போட போகவே மாட்டாங்க. வரப்புல முள் குத்தும். பிடுங்கி எறிஞ்சுட்டு வேலையைப் பார்ப்பாங்க. அதையெல்லாம் யார் ஞாபகம் வெச்சுக்கிறா?

அப்படிக் குத்தின முள் எப்போதாவது ஒரு தடவை, மண்ணில் இருக்கும் பூஞ்சையையோ பாக்டீரியாவையோ தோலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிடும். சில மாதம் கழித்து அந்த இடத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி தெரியும். வலிக்காது. அதுதான் இதில் இருக்கிற பெரிய ஆபத்து. வலிக்காத கட்டிக்காக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள். வருஷக்கணக்கில் அது உள்ளே பரவி, தசையைக் கடந்து, எலும்பை அரித்து, பாதத்தையே உருக்குலைத்துவிடும்.

இந்த நோய்க்கு உலகம் முழுக்க ஒரு பட்டப்பெயர் உண்டு. மதுரா ஃபுட். நம்ம மதுரைதான்! 'மதுரைக் கால்' என்று வைத்துக்கொள்ளலாம். சூடானிலும் மெக்சிகோவிலும் இருக்கிற டாக்டர்களுக்குக்கூட இந்தப் பெயர் தெரியும். அது பிறந்த தமிழ்நாட்டில்தான் பலருக்குத் தெரியாது.

இந்த நோயின் குட்டை உடைத்தவர் ஒரு ஓவியர். டாக்டரும்கூட. அவர் பெயர் ஹென்றி வான்டைக் கார்ட்டர்.

ஓவியர் வீட்டுப் பிள்ளை

ஓ.டி.டி-யில் 'கிரேஸ் அனாட்டமி' சீரிஸ் பார்த்திருப்பீர்கள். அந்தத் தலைப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1858-ல் லண்டனில் வெளியான ஒரு மருத்துவப் புத்தகத்தின் பெயரில், ஓர் எழுத்தை மாற்றி வைத்த தலைப்பு அது. 160 வருஷத்துக்கு மேலாகப் புதுப் புதுப் பதிப்புகளாக வந்துகொண்டிருக்கும் புத்தகம். எம்.பி.பி.எஸ் படிக்கும் உங்கள் நண்பரைக் கேளுங்கள், கேள்விப்படாமல் இருக்க மாட்டார். அதன் முதல் பதிப்பை எழுதியவர் ஹென்றி கிரே. படங்களை வரைந்தவர்தான் கார்ட்டர்.

இங்கிலாந்தின் ஹல் என்ற துறைமுக ஊரில் 1831 மே 22 அன்று கார்ட்டர் பிறந்தார். அப்பா ஹென்றி பார்லோ கார்ட்டர், கடலையும் கப்பலையும் வரைவதில் பெயர் எடுத்த வாட்டர்கலர் ஓவியர். தம்பியும் ஓவியரானார். மூத்த பிள்ளைக்கும் கை அப்படியே வந்தது. அவருடைய பெயரில் இருக்கும் 'வான்டைக்', பழைய காலத்துப் புகழ்பெற்ற ஓவியர் ஒருவரின் பெயர். பேர் வைத்தபோதே அப்பா ஓர் ஆசையோடுதான் வைத்திருப்பார் போல.

ஆனால், பிள்ளை தேர்ந்தெடுத்தது மருத்துவம். டீன் ஏஜிலேயே லண்டனுக்கு வந்து, ஒரு மருத்துவரிடம் தொழில் பழகிக்கொண்டே செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் படித்தார். 1853-ல் தேர்ச்சி பெற்றார். கையில் பெரிதாகக் காசு கிடையாது. சிபாரிசு செய்ய ஆள் கிடையாது. கூச்ச சுபாவம் வேறு. தினமும் டைரி எழுதும் பழக்கம் அவருக்கு இருந்தது. அந்த டைரிகள் இன்றும் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. நான் உருப்படுவேனா, என் வாழ்க்கைக்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா என்று தன்னையே குடைந்து குடைந்து கேட்டுக்கொண்ட ஓர் இளைஞனை அதில் பார்க்கலாம். இன்றைக்கு இருபது வயதில் நம்மில் பலர் ராத்திரி ரெண்டு மணிக்கு யோசிக்கிற அதே விஷயம்தான்.

363 படங்கள், 150 பவுண்டு

செயின்ட் ஜார்ஜில் கார்ட்டருக்குச் சில வருஷம் சீனியர் ஹென்றி கிரே. சுறுசுறுப்பானவர், மேலே போக வேண்டும் என்ற வேகம் உள்ளவர். மாணவர்கள் வாங்கக்கூடிய விலையில், தெளிவான படங்களோடு ஓர் உடற்கூறு புத்தகம் போடலாம் என்று 1855 கடைசியில் கார்ட்டரிடம் பேசினார். அதற்கு முன்பே கிரேயின் இன்னொரு ஆய்வு நூலுக்குக் கார்ட்டர் படம் வரைந்து கொடுத்திருந்தார். அந்த நூலில் அவருக்கு ஒரு நன்றிகூட வரவில்லை. இருந்தும் ஒப்புக்கொண்டார்.

இரண்டு பேரும் பிணவறையில் மாதக்கணக்கில் உடல்களை அறுத்துப் பார்த்தார்கள். கிரே எழுத, கார்ட்டர் வரைந்தார். பேப்பரில் வரைந்து கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற காலம் இல்லை அது. அச்சுக்குப் போகும் மரக்கட்டை மேலேயே, கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகத் திருப்பி வரைய வேண்டும். அப்படி 363 படங்கள்!

அவர் செய்த ஒரு காரியம் மாணவர்களுக்குப் பெரிய வரமாக அமைந்தது. அதுவரை பல புத்தகங்களில் நரம்புக்கு 'அ', எலும்புக்கு 'ஆ' என்று குறியீடு போட்டு, கீழே தனியாகப் பட்டியல் கொடுத்திருப்பார்கள். கார்ட்டரின் படங்களில், மேப்பில் ஆற்றின் மேலேயே ஆற்றின் பெயர் ஓடுகிற மாதிரி, ஒவ்வோர் உறுப்பின் மேலேயே அதன் பெயர் ஓடியது. கண்ணை எடுக்காமல் படிக்கலாம்.

இதற்குக் கார்ட்டருக்குக் கிடைத்தது ஒரே தடவையாக 150 பவுண்டு. ராயல்ட்டி கிரேவுக்கு மட்டும்தான். முகப்புப் பக்கத்தின் ப்ரூஃப் வந்தபோது, கார்ட்டரின் பெயரைத் தன் பெயரைவிடச் சின்ன எழுத்தில் போடச் சொல்லி கிரே குறித்துக் கொடுத்தார். அப்படியே அச்சானது. புத்தகத்தின் பெயரும் நாளடைவில் வெறும் கிரேயின் பெயராகிப்போனது.

1858-ல் அது வெளியானபோது கார்ட்டர் லண்டனில் இல்லை. இந்திய மருத்துவச் சேவையில் வேலை கிடைத்து, கப்பலேறி பம்பாய்க்கு வந்துவிட்டார். மூன்று வருஷத்தில், அம்மை கண்டிருந்த சொந்தக்காரப் பையனைக் கவனித்துக்கொண்ட கிரேவுக்கும் பெரியம்மை தொற்றியது. 34 வயதிலேயே இறந்துபோனார். புத்தகம் மட்டும் இரண்டு பேருக்கும் அப்பால் ஓடிக்கொண்டே இருந்தது.

மதுரைக்குப் பெயர் வந்த கதை

கார்ட்டர் பம்பாயில் இறங்குவதற்கு முன்னால் மதுரையில் நடந்ததைப் பார்த்துவிடலாம்.

1842-ல் மதுரையின் அரசு மருந்தகத்தில் கில் என்ற டாக்டர் இருந்தார். அவரிடம் வந்த சிலரின் பாதங்கள் வித்தியாசமாக இருந்தன. வீங்கி, உருண்டு, தோல் முழுக்கத் துளைத் துளையாகி, அதிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. தான் பார்த்ததை அவர் அறிக்கையாக எழுதி அனுப்பினார். அதே மதுரையில் கோல்புரூக் என்ற டாக்டர் 1846-ல் இதைப் பற்றி எழுதும்போது ஊர்ப் பெயரையே நோய்க்கு வைத்தார். பெல்லாரியிலிருந்தும் இதே மாதிரி குறிப்பு வந்தது.

நோய் புதிது இல்லை. சமஸ்கிருத மருத்துவ மரபில் இதற்குப் பாத வல்மீகம் என்று பெயர் உண்டு. வல்மீகம் என்றால் புற்று. மேடு தட்டி, ஓட்டை ஓட்டையாக இருக்கும் புற்றைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காலைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்திருக்கிறது. எவ்வளவு சரியான உவமை!

ஆக, பெயர் இருந்தது. வர்ணனை இருந்தது. காரணம்தான் யாருக்கும் தெரியவில்லை. காசநோயின் ஒரு வகையாக இருக்குமோ, எலும்பு அழுகலாக இருக்குமோ என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒட்டுண்ணியாக இருக்கலாம் என்று ஒருவர் 1855-ல் எழுதினார். சிகிச்சை என்று எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். காலை எடுத்துவிடுவது.

வெட்டிய காலுக்குள் என்ன இருந்தது?

பம்பாயில் கார்ட்டருக்குக் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு பேராசிரியர் வேலை. பக்கத்திலேயே ஜே.ஜே. மருத்துவமனை. அங்கே வெட்டி எடுக்கப்பட்ட பாதங்களை அவர் தூக்கிப்போட விடவில்லை. நடுவில் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தார்.

வெளியே தெரிகிற ஒவ்வொரு துளையும் உள்ளே ஒரு சுரங்கப் பாதையாகப் போனது. பாதைகள் ஒன்றோடொன்று சேர்ந்து எலும்பைத் துளைத்துப் போயிருந்தன. எலும்புக்குள் சின்னச் சின்ன அறைகள். அறைகளுக்குள் குருணை மாதிரி மணிகள். சில கால்களில் அவை வெடிமருந்துத் தூள் போலக் கறுப்பாக இருந்தன. சில கால்களில் மீன் சினை மாதிரி வெளுப்பாக, மஞ்சளாக இருந்தன.

கறுப்புக் குருணையை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். இழை இழையாகப் பின்னிக்கிடந்தது பூஞ்சை!

சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் செய்த உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசுவார்கள். மெழுகில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு இருந்தாலும் அந்த மண் அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். கார்ட்டரின் கண்ணும் கையும் அப்படித்தான் வேலை செய்தன. பார்த்ததை மிகைப்படுத்தாமல், எதையும் விடாமல் வரைந்தார். 1860-ல் பம்பாய் மருத்துவர்கள் சங்கத்தின் இதழில் தன் முடிவை எழுதினார். இது பூஞ்சையால் வருகிற நோய் என்றார். மைசிடோமா என்ற பெயரைக் கொடுத்தார். கிரேக்க மொழியில் பூஞ்சைக் கட்டி என்று அர்த்தம்.

நோயைப் பெயர் சொல்லி அடையாளம் காட்ட அன்று அவர் கவனித்த மூன்று விஷயங்கள்தான் இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. வலியில்லாத வீக்கம். பல துளைகள். துளையிலிருந்து வரும் குருணை. ஸ்கேன், எம்.ஆர்.ஐ எல்லாம் வந்த பிறகும் சந்தேகம் ஆரம்பிப்பது இந்த மூன்றில் இருந்துதான்.

தப்பும் செய்தார், திருத்திக்கொண்டார்

இதோடு கதை முடிந்திருந்தால் கார்ட்டர் ஒரு ஹீரோ, அவ்வளவுதான். ஆனால், நடந்தது அப்படி இல்லை.

கறுப்புக் குருணைகளை ஊறவைத்து வளர்த்துப் பார்த்தபோது இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பூசணம் வளர்ந்தது. இதுதான் குற்றவாளி என்று கார்ட்டர் நம்பினார். இங்கிலாந்தின் பெரிய பூஞ்சை நிபுணர் பெர்க்லி அந்தப் பூசணத்துக்குக் கார்ட்டரின் பெயரையே சேர்த்து வைத்தார். அப்புறம்தான் தெரிந்தது, அது நோய்க்கிருமியே இல்லை. ஊசிப்போன சோற்றில் பூசணம் பூக்கிற மாதிரி, வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டு வளர்ந்த ஒன்று. ஒரே ஒரு கிருமியை மட்டும் பிரித்து வளர்க்கும் முறை அந்தக் காலத்தில் இன்னும் வந்திருக்கவில்லை.

1874-ல் தன் பல வருஷ உழைப்பைப் படங்களோடு புத்தகமாகப் போட்டார் கார்ட்டர். அடுத்த வருஷமே கல்கத்தாவில் லூயிஸ், கன்னிங்ஹாம் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், பூஞ்சைதான் காரணம் என்பதற்கு ஆதாரம் போதாது என்று எழுதினார்கள். பேர் வைத்தவருக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்!

கார்ட்டர் பிடிவாதம் பிடிக்கவில்லை. மறுபடியும் பார்த்தார். ஐரோப்பாவில் மாடுகளுக்கு வரும் ஒரு தாடை நோயைப் பற்றிய புது ஆராய்ச்சிகள் அப்போது வந்துகொண்டிருந்தன. அந்த நோயின் குருணையும் தன்னிடம் இருக்கும் வெளுத்த குருணையும் ஒன்றுபோல இருப்பதை 1886-ல் சுட்டிக்காட்டினார். அதாவது, கறுப்பு வகையும் வெளுத்த வகையும் ஒரே நோய் மாதிரி வெளியே தெரிந்தாலும், உள்ளே இருக்கிற கிருமி வேறு வேறாக இருக்கலாம்.

அது உண்மை. 1894-ல் வின்சென்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி வெளுத்த வகைக்கான கிருமியைப் பிரித்து எடுத்தார். அது பூஞ்சையே இல்லை, இழை இழையாக வளரும் ஒரு பாக்டீரியா. அதற்கு இன்று ஆக்டினோமதுரா மதுரே என்று பெயர். ஒரே பெயரில் ரெண்டு மதுரை! கறுப்புக் குருணைக்கான முக்கியப் பூஞ்சையின் பெயர் மதுரெல்லா மைசிடோமாடிஸ். அதிலும் நம்ம ஊர் இருக்கிறது, கார்ட்டர் வைத்த பெயரும் இருக்கிறது.

கறுப்பா வெளுப்பா என்பது ஏதோ கல்லூரிப் பாடம் மட்டும் இல்லை. இன்றைக்கு ஒருவரின் கால் தப்புமா என்பதே அதில்தான் இருக்கிறது. அதற்கு வருவோம்.

பத்தாவது படி

சுவாமிமலைப் படிகளில் தமிழ் வருஷங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே ஏறினால், பத்தாவதாக வரும் பெயர் தாது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் கொள்ளுத்தாத்தா காலத்துக் கதைகளில் கேட்டிருப்பீர்கள். 1876-ல் ஆரம்பித்து 1878 வரை தென்னிந்தியாவையும் பம்பாய் மாகாணத்தையும் உலுக்கிய பஞ்சம். லட்சக்கணக்கில் ஜனம் செத்தது.

1877-ல் பசியோடு பம்பாய்க்கு வந்து குவிந்தவர்களிடையே ஒரு விநோதமான காய்ச்சல் பரவியது. சில நாள் அடித்து, விட்டு, மறுபடியும் அடிக்கும். கார்ட்டர் அவர்களுடைய ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்து, சுருள் சுருளாக நெளியும் கிருமியைக் கண்டுபிடித்துக் காட்டினார். வேலையின் நடுவே அவருக்கும் அந்தக் காய்ச்சல் தொற்றியது. பிழைத்தார். திரும்ப அதே வார்டுக்குப் போனார். 1882-ல் அதைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதினார்.

நடுவில் ஒன்பது வருஷம் சதாராவில் சிவில் சர்ஜனாக இருந்திருக்கிறார். அங்கே சிறைச்சாலைப் பொறுப்பும் அவருக்குத்தான். தொழுநோயைப் படிக்க நார்வே வரை போய், அதன் கிருமியைக் கண்ட ஹான்சனைச் சந்தித்துவிட்டு வந்தார். மலேரியாக் கிருமியை இந்தியாவில் ஆரம்பத்திலேயே கண்டு உறுதிசெய்தவர்களில் அவரும் ஒருவர். சொந்த வாழ்க்கைதான் சரியாக அமையவில்லை. பம்பாயில் நடந்த முதல் கல்யாணம் கசப்பில் முடிந்தது.

30 வருஷம் இந்தியாவில் வேலை பார்த்துவிட்டு 1888-ல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பினார். கிட்டத்தட்ட 60 வயதில், 1890-ல் மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு குழந்தைகள் பிறந்தார்கள். அது நீண்ட நாள் நிலைக்கவில்லை. அப்பா கடலை வரைந்த ஸ்கார்பரோ ஊரிலேயே, 1897 மே 4 அன்று காசநோயில் இறந்தார். உருப்படுவேனா என்று டைரியில் கவலைப்பட்ட அந்தப் பையன் வரைந்த படங்களை, அதற்குள் பல தலைமுறை டாக்டர்கள் பார்த்துப் படித்துவிட்டிருந்தார்கள்.

சரி, இப்போ நமக்கென்ன?

இருக்கிறது. கார்ட்டர் நோயை அடையாளம் காட்டி 160 வருஷம் தாண்டிவிட்டது. ஆனால், 2016-ல்தான் உலக சுகாதார நிறுவனம் இதைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2022-ல் அதே நிறுவனம் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில், மைசிடோமா பூஞ்சைகள் இரண்டாம் நிலையில் இடம்பிடித்தன. ஏன் இவ்வளவு தாமதம்? இது வருவது பெரும்பாலும் வெறுங்காலோடு வேலை செய்யும் ஏழைகளுக்கு. ஆண்களுக்கு அதிகம். அதுவும் உழைக்கிற இளவயதில்.

வறண்ட, முள்காட்டு மண்தான் இந்த நோய்க்கு ரொம்பப் பிடித்த இடம். டெல்டாவின் ஈர மண் அப்படி இல்லை. அதனால்தான் இங்கே இன்னொரு சிக்கல். கால் நோய் என்றாலே நமக்குத் தெரிந்த பெயர்களுக்குள் அடக்கிவிடுகிறோம். விரல் இடுக்கில் வந்தால் சேற்றுப்புண். வீங்கினால் யானைக்கால். கும்பகோணம் வட்டாரத்தில் ஒரு காலத்தில் யானைக்கால் நிறைய இருந்ததால், அந்தச் சந்தேகம்தான் முதலில் வரும். சர்க்கரை இருந்தால், சர்க்கரைப் புண் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

வித்தியாசம் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை.

சேற்றுப்புண் விரல் இடுக்கில் வரும். அரிக்கும், தோல் வெளுத்து ஊறிப்போகும். காலைக் காய வைத்து மருந்து போட்டால் சரியாகும்.

யானைக்கால் கொசு மூலம் வரும் புழுவால் உண்டாவது. கால் ஒட்டுமொத்தமாக வீங்கும். துளை விழுந்து குருணை வராது.

சர்க்கரைப் புண் திறந்த புண்ணாக இருக்கும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும்.

மதுரைக் கால் ஓரிடத்தில் கட்டியாக ஆரம்பிக்கும். கெட்டியாக இருக்கும், வலிக்காது. மாசக்கணக்கில் மெதுவாகப் பெரிதாகும். துளைகள் விழும். ஒன்று ஆறினால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். கசியும் நீரில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் அல்லது சிவப்பு நிறத்தில் குருணை வரும். பாதத்தில்தான் அதிகம். கையில் வரலாம். விறகு சுமப்பவர்களுக்கு முதுகிலும் கழுத்திலும்கூட வரலாம்.

ஒரு முக்கியமான விஷயம்: இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அதனால், யாரையும் ஒதுக்கி வைக்கவோ, மறைக்கவோ தேவையே இல்லை.

குருணையைத் தூக்கிப் போடாதீங்க!

பலர் செய்கிற தப்பு என்ன தெரியுமா? கசிவைத் துடைத்து எறிந்துவிட்டு, மெடிக்கல் ஷாப்பில் ஐந்து நாள் மாத்திரை வாங்கிப் போடுவது. கொஞ்சம் வாடும், பிறகு மறுபடியும் வரும். இல்லையென்றால், கட்டியை எங்கேயாவது கீறி எடுத்துத் தையல் போட்டுவிட்டு, எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விட்டுவிடுவது. உள்ளே மிச்சம் இருப்பது மறுபடியும் கிளம்பும்.

கார்ட்டர் செய்ததைத்தான் நாமும் செய்ய வேண்டும். உள்ளே இருந்து என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். துளையில் கட்டியிருக்கும் துணியில் குருணை ஒட்டியிருந்தால், அதைச் சுத்தமான டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோகலாம். போன் கையில்தானே இருக்கிறது, மாசம் ஒரு போட்டோ எடுத்து வைக்கலாம். கட்டி எப்படி வளர்ந்தது என்று வாயால் சொல்வதைவிட நாலு போட்டோ தெளிவாகச் சொல்லும். கார்ட்டர் பென்சிலால் செய்த வேலை அது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கும். அங்கே போய், கட்டி எப்போது வந்தது, முள் குத்தியதா, என்ன வேலை, குருணை என்ன நிறம் என்று சொல்லுங்கள். மதுரா ஃபுட்டாக இருக்குமா என்று நேரடியாகவே கேளுங்கள். தப்பே இல்லை. ஆழமாகச் சதை எடுத்துச் சோதிப்பது, குருணையை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, கிருமியை வளர்த்துப் பார்ப்பது, எலும்பு பாதித்திருக்கிறதா என்று எக்ஸ்ரே அல்லது எம்.ஆர்.ஐ எடுப்பது என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

இங்கேதான் கார்ட்டர் 1886-ல் பார்த்த வித்தியாசம் வேலை செய்கிறது. குருணை கறுப்பு என்றால் பெரும்பாலும் பூஞ்சை. பூஞ்சைக்கான மாத்திரையை ஒரு வருஷமோ, அதற்கு மேலோ சாப்பிட வேண்டியிருக்கும். பலருக்கு ஆபரேஷனும் தேவைப்படும். சிவப்பு என்றால் பாக்டீரியா. வெள்ளை, மஞ்சள் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம் என்பதால் லேப்தான் சொல்ல முடியும். பாக்டீரியா என்று தெரிந்துவிட்டால் நல்ல செய்தி. சரியான ஆன்டிபயாடிக்கை மாசக்கணக்கில் விடாமல் எடுத்தால், பெரும்பாலானவர்களுக்குக் காலை எடுக்காமலேயே குணமாகிவிடும். எந்த வகை என்று தெரியாமல் மருந்து சாப்பிடுவது, எந்த ஊர் பஸ் என்று பார்க்காமல் ஏறுகிற மாதிரி.

கட்டி கொட்டைப்பாக்கு அளவில் இருக்கும்போதே வந்தால், பூஞ்சை வகையைக்கூட முழுசாக எடுத்துவிட வாய்ப்பு அதிகம். எலும்புக்குள் போன பிறகு வந்தால் கஷ்டம். நடுவில் வீணாகும் வருஷங்கள்தான் காலைப் பறிக்கின்றன.

வராமல் தடுக்க? காட்டில், வரப்பில், முள் இருக்கிற இடத்தில் செருப்போ ஷூவோ போடலாம். நடவுச் சேற்றில் அது நடக்காது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் கரையேறியதும் காலை நன்றாகக் கழுவித் துடைத்து, முள் ஏறியிருக்கிறதா என்று பார்க்கலாம். குத்திய முள்ளை முழுசாக எடுத்து, அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவலாம். அதற்கு ரெண்டு நிமிஷம் போதும்.

பிள்ளை சொன்னால் அப்பா கேட்பார்

சுவாமிமலை முருகனுக்கு ஏன் தகப்பன்சாமி என்று பேர் வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரணவத்தின் பொருளை, பெற்ற அப்பனுக்கே பிள்ளை குருவாக இருந்து உபதேசம் செய்த தலம் அது. அப்பா வாயைப் பொத்திக் கேட்டுக்கொண்டார் என்பது ஐதீகம்.

வயலில் இருக்கும் அப்பா இந்தக் கட்டுரையைப் படிக்கப்போவதில்லை. படிக்கிறது நீங்கள்தான். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகிறவராக இருக்கலாம். அடுத்த தடவை போகும்போது, திண்ணையில் அப்பா கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாதத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு எல்லாம். அம்மாவின் காலையும் பாருங்கள். அவர்களும் அதே வயலில்தான் களை எடுக்கிறார்கள்.

ஏதாவது கெட்டியாகத் தட்டுப்பட்டால், வலிக்குதாப்பா என்று கேட்பீர்கள். அதெல்லாம் ஒண்ணுமில்ல, வலியே இல்ல என்பார்.

அப்படிச் சொன்னால், அடுத்த நாளே கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.